கசப்பு காணாமல் போன பானை

அனுலியின் கல்யாணத்துக்குக் கரண்டி என் கைக்கு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து, என் பிள்ளைகள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு விசேஷத்திலாவது கசப்பிலைக் குழம்புப் பானைக்குப் பக்கத்தில் என்னை விட்டிருக்கிறார்களா? இல்லை. சேப்பங்கிழங்கை வேகவைத்துத் தோல் உரி, கருவாட்டை ஊறப்போடு, தட்டைக் கழுவு, அவ்வளவுதான். நான் செய்த குற்றம் அசாபாவில் பிறந்தது. நைஜர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் என் நாத்தனார்களைக் கேட்டால் நான் ஏதோ ஏழு கடல் தாண்டி வந்தவள்.

"பாலத்துக்காரிக்குக் கசப்பைப் பத்தி என்ன தெரியும்?" என்பாள் பெரிய நாத்தனார் எக்குதோசி. சொல்லிவிட்டுத் தலைத்துணியை ஒரு முறை சரிசெய்துகொள்வாள். அவள் தலைத்துணியைச் சரிசெய்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இந்த வீட்டு ஆம்பளைகளே அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்கள். பிறந்த வீட்டு மகள்கள் என்றால் எங்கள் பக்கத்தில் போலீஸ், கோர்ட்டு எல்லாம் அவர்கள்தான்.

இந்தத் தடவை எக்குதோசியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வழக்கமாகப் பானையைப் பார்ப்பவள் என் ஓரகத்தி உச்சே. கல்யாணப் பெண்ணோ உச்சேயின் மகள். பெற்றவள் அன்றைக்குக் கரண்டியைத் தொடக் கூடாது என்பது இங்கே வழக்கம். அடுத்த மருமகள் நான். அனுலி வேறு, "என் கல்யாணக் குழம்பு சித்திதான் ஆக்கணும்" என்று அடம் பிடித்துவிட்டாள். தங்கமான பெண்.

பானையை ஆக்குகிறவளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஒரு கேள்வி கிடைக்கும். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையைப் பெற்றவள் எழுந்து நின்று, சபை கேட்க, "இந்தக் கை யாரோடது?" என்று கேட்பாள். ஆக்கியவள் முன்னால் வந்து நின்று, "என் கை" என்று சொல்லி, அவள் கொடுக்கும் கள்ளை வாங்கிக் குடிப்பாள். அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னவளை அதற்கப்புறம் யாரும் தட்டு கழுவச் சொல்ல முடியாது. குழம்பு நன்றாக இல்லாவிட்டால் கேள்வியே வராது. சம்பந்திகள் கை கழுவி, சிரித்துப் பேசி, வண்டி ஏறிப் போய்விடுவார்கள். மேலத்தெருவில் ஒருத்திக்கு அப்படித்தான் ஆயிற்று. அவள் இன்றைக்கும் சந்தைக்குக் குறுக்குப் பாதையில்தான் போகிறாள்.

எனக்கு வாய்த்த சம்பந்தி யார் தெரியுமா? மாப்பிள்ளை சோம்டோவின் அம்மா ஒனிட்சாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். அந்தக் கடையில் ஒரே ஒரு குழம்புதான். கசப்பிலைக் குழம்பு. லாரிக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவார்களாம். அந்த நாக்குக்கு முன்னால் நான் பானையை இறக்க வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் நானே உட்கார்ந்து இலையைக் கழுவினேன். கழுவுவது என்றால் தண்ணீரில் அலசுவது இல்லை. இலையைக் கை நிறைய அள்ளி, துணி துவைப்பது போல் உள்ளங்கையில் போட்டுக் கசக்க வேண்டும். பச்சை நுரை பொங்கி வரும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி கசக்க வேண்டும். நடுநடுவே ஒரு இலையை மென்று பார்க்க வேண்டும். கசப்பு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும், ஊரை விட்டுப் போய்விடக் கூடாது. வாயில் வைத்ததும் தெரியாமல், விழுங்கும்போது தொண்டையின் ஓரத்தில் லேசாகத் தட்டிவிட்டுப் போக வேண்டும். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். பிழிந்து, உருண்டை உருண்டையாக அண்டாக்களில் வைத்து, வாழையிலை போட்டு மூடினேன். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலையில் பின்கட்டே திருவிழாவாக இருந்தது. வாசலில் ஷாமியானா ஏறுகிறது, ஸ்பீக்கர்காரன் "ஹலோ, ஹலோ" என்று காதைக் கிழிக்கிறான், ஒரு பக்கம் உரல்களில் வள்ளிக்கிழங்கு இடிபடுகிறது. மூன்று பெரிய கல்லின் மேல் என் பானை. உள்ளே ஓர் ஆளே உட்காரலாம். கறி வெந்து, விறகுக் கட்டை மாதிரி இருந்த கருவாடு பஞ்சாகி, செம்பனை எண்ணெய் மேலே மிதந்து, சேப்பங்கிழங்கு விழுது கரைந்து குழம்பு கெட்டியாகிவிட்டது. கடைசியில் ஒகிரி சேர்த்தேன். புளிக்கவைத்த அந்த விதை விழுது நாற்றமடிக்கும் என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்குப் பசி கிளம்பும். அப்புறம் இலையைப் போட்டேன். ஒரு கொதி விட்டு, உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கினேன்.

ஒன்றுமே இல்லை. காரம் இருக்கிறது, உப்பு இருக்கிறது, கறி வாசனை இருக்கிறது. கசப்பு இல்லை. இன்னொரு துளி. முட்டைக்கோஸ் போட்டது போல் இருந்தது.

அண்டாவின் அடியில் மிச்சமிருந்த உருண்டையை எடுத்துப் பிய்த்து மென்றேன். பழைய துணியை மென்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இது நான் கழுவி வைத்த இலை இல்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே உச்சேயைத் தேடிப் போனேன். அவள் அறையில் தலைத்துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"உச்சே அக்கா, இலையைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடறேன்? நான்தான் கரண்டியே தொடக் கூடாதே."

"கரண்டியைக் கேக்கல. இலையைக் கேட்டேன்."

அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு தண்ணி கசக்கினேன்டி. மனசு கேக்கல. பெத்த வயிறு" என்றாள்.

ஒரு தண்ணீருக்கு இவ்வளவு ஆகாது. திரும்பினால் அனுலி நின்றுகொண்டிருந்தாள், கழுத்து நிறையப் பவளம், முகத்தில் திருட்டு முழி.

"நீயுமா?"

"சித்தி, தூக்கம் வரல. கண்ணை மூடுனா மாமியார் முகம் வருது. கசக்குதேன்னு அவங்க துப்புற மாதிரியே வருது. எழுந்து போய்க் கொஞ்சம் கசக்கினேன்."

"கல்யாணப் பொண்ணு செய்யற வேலையாடி இது? எவ்வளவு கசக்கினே?"

"நுரை வராத வரைக்கும்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பின்கட்டுக்கு நான் திரும்பி வரும்போது பானையருகே எக்குதோசி. அவள் பின்னால் நாத்தனார் கூட்டம் மொத்தமும். அவள் கையிலும் ஒரு துளி.

"என்னடி பாலத்துக்காரி, குழம்புல இலையைக் காட்டிட்டு எடுத்துட்டியா? கசப்பு எங்கே?"

"நீங்கதான் சொல்லணும் பெரியக்கா. விடியக்காலம் இலைகிட்ட யாராவது போனீங்களா?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. எக்குதோசி தலைத்துணியைத் தொடப் போய்க் கையை இறக்கினாள். அதை நான் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீ ஒழுங்காக் கழுவியிருக்க மாட்டேன்னு நெனச்சோம். எல்லாருமா உக்காந்து ரெண்டு தடவை கசக்கி வெச்சோம். நல்லதுக்குத்தான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் கழுவினேன், உச்சே அக்கா கழுவினாங்க, பொண்ணு கழுவினா, நீங்க கோஷ்டியாக் கழுவினீங்க. இந்த வீட்டுல ஒருத்தர் கையை ஒருத்தர் நம்புனாத்தானே? ஸ்பீக்கர்காரன் மட்டும்தான் மிச்சம், அவனையும் கூப்பிட்டுக் கழுவச் சொல்லுங்க" என்றேன். நாத்தனாரிடம் அப்படிப் பேசினதும் எனக்கு அதுதான் முதல் தடவை. கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. தப்பு அவ்வளவு பெரியது.

புது இலை வேண்டும். இடித்துச் சாறு பிழிந்து பானையில் விட்டால் கசப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் இலைக்கு எங்கே போவது? கிறிஸ்துமஸ் வாரம். ஊரில் அன்றைக்கு மட்டும் மூன்று கல்யாணம். செம்புழுதிக் காற்று வேறு வீசி, செடியெல்லாம் பாதி காய்ந்து கிடக்கிறது. எங்கள் வீட்டு இலை, அக்கம்பக்கத்து இலை எல்லாம் ஏற்கெனவே இந்தப் பானைக்குள்தான் செத்துக் கிடக்கிறது. என் வீட்டுக்காரரை மோட்டார் பைக்கில் விரட்டினேன். ஊரைச் சுற்றிவிட்டுச் சட்டைப் பையில் கொஞ்சம் மஞ்சள் இலையோடு வந்து நின்றார்.

"எல்லா வீட்டுலயும் வெறும் குச்சிதான் நிக்குது. சம்பந்திங்க அவங்க ஊரு அகுலுவை விட்டுக் கிளம்பிட்டாங்களாம், அண்ணனுக்குப் போன் வந்துடுச்சு" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல.

அப்போதுதான் என் கண், பின்கட்டில் தொடங்கி முன்வாசல் வரைக்கும் பக்கவாட்டில் ஓடும் வேலிக்குப் போனது. வேலியா அது, காடு. ஆள் உயரத்துக்கு மேல், கரும்பச்சையாய், ஊரெல்லாம் காய்ந்தும் அது காயாமல், கசப்பிலை மட்டுமே அடர்ந்து நின்றது. அதை யாரும் பறிப்பதில்லை. பறிக்கக் கூடாது. வேலியின் நடுவே கட்டியிருந்த குருத்தோலை வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒன்றின் மேல் குருத்தோலை கட்டிவிட்டால், வழக்கு தீரும்வரை அதை எவரும் தொடக் கூடாது.

வழக்கு என் கணவரின் அண்ணன் ஒபியோராவுக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும். அனுலியின் அப்பாதான் ஒபியோரா. வேலி என்னுடையது என்று அவர், இல்லை என்னுடையது என்று இவர். பெரியவர்கள் வந்து ஓலை கட்டினார்கள். கட்டின கொஞ்ச நாளில் அந்தப் பெரியப்பா மகன் செத்துப்போனார். வழக்கு மட்டும் சாகவில்லை. அவர் மனைவி அசூக்கா அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள். அவளும் இந்தக் குடும்பத்து மருமகள்தான், என்னைப் போலவே. ஆனால் கல்யாணத்துக்கு அவளுக்குச் சொல்லக் கூடாது என்று ஒபியோரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்களும் சொல்லவில்லை.

நான் வேலிக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன்.

"தொட்டே, கத்தி ஊரைக் கூட்டுவேன்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"ஊரு ஏற்கெனவே இங்கதான் இருக்குக்கா" என்றேன்.

இலைகளுக்கு நடுவே அசூக்காவின் முகம் தெரிந்தது. வீட்டில் கட்டும் பழைய துணி, கையில் விளக்குமாறு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, கசப்பு போயிடுச்சா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காது இருக்கில்ல? நேத்து சாயங்காலம் நீ கழுவுன. சரியாத்தான் நிறுத்துன. அப்புறம் உச்சே. அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டே கழுவுவா, எனக்குத் தெரியாதா? அப்புறம் பொண்ணு, அழுதுகிட்டே கசக்குது. விடியக்காலம் எக்குதோசி கூட்டம், சிரிப்பும் கும்மாளமுமா. இலை என்னடி ஆகும்? நான் இந்தப் பக்கம் நின்னு, போதும், போதும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"சத்தமாச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"யார்கிட்ட? என்னை யாரு கேட்டா?" விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "எல்லாரும் வந்து கழுவுனீங்க. கல்யாணப் பொண்ணே கழுவுது. இந்தக் குடும்பத்துல வாழ்க்கைப்பட்டு வந்தவங்கள்ல நான் ஒருத்திதான் கழுவல."

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பானைக்கிட்ட விடவில்லை என்று இத்தனை வருஷம் பொருமியவள் நான். இவளை வாசலுக்குள்ளேயே விடவில்லை. அதை நான் ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

என் பின்னால் செருப்புச் சத்தம். எக்குதோசி. அவள் வேலியைப் பார்த்தாள், ஓலையைப் பார்த்தாள், அசூக்காவைப் பார்த்தாள்.

"இன்னுமா இந்த ஓலை தொங்குது? கட்டுனவங்கள்ல பாதிப் பேரு போய்ச் சேந்தாச்சு" என்றாள். நேராகப் போய் முடிச்சில் கை வைத்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். "நான் இந்த வீட்டுல பொறந்தவ. கட்டுறதுக்கு ஆம்பளைங்கன்னா அவுக்கறதுக்கு நான். ஒபியோராவுக்குத் தைரியம் இருந்தா என்கிட்ட வந்து பேசட்டும். அசூக்கா, உன் பக்கத்தை நீ பறி, எங்க பக்கத்தை நாங்க பறிக்கிறோம். வேலி யாருதுன்னு ஜனவரியில சாவகாசமா அடிச்சுக்கலாம்."

"இலையை எடுத்துக்கோங்க. என் உரலும் சும்மாத்தான் இருக்கு, நானே இடிச்சுத் தரேன். ஆனா அந்தப் பக்கம் வரமாட்டேன். கூப்பிடாத வீட்டுக்கு எனக்குப் பழக்கமில்ல. கூப்பிட வேண்டியவன் ஒபியோரா."

எக்குதோசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாற்சந்தியில் வேட்டு வெடித்தது. சம்பந்திகள் ஊர் எல்லைக்கு வந்துவிட்டார்கள். பேச நேரமில்லை.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. நாத்தனார் கூட்டம் மொத்தமும் பட்டுத்துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியின் மேல் பாய்ந்தது. மருமகள்கள் இன்னொரு பக்கம். உச்சே பாதி கட்டிய தலைத்துணியோடு ஓடிவந்தாள். இலைகள் கூடை கூடையாக வேலிக்கு மேலே பறந்தன. அந்தப் பக்கம் அசூக்காவின் உரலில் உலக்கை விழும் சத்தம், வேட்டுச் சத்தத்தோடு போட்டி போட்டது. நுணுக்கிய இலையைத் துணியில் கட்டி முறுக்கி, கருகருவென்று ஒரு கிண்ணம் சாற்றைக் குச்சிகளுக்கு நடுவே நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஊற்றிக் கிளறி, கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்ப வேலிக்கு ஓடினேன்.

அசூக்கா ஊதி ஊதிக் குடித்தாள். "கசப்பு இப்பத்தான் தெருமுனைக்கு வந்திருக்கு. இன்னொரு கிண்ணம்."

மறுபடி ஓட்டம். வழியில் ஒரு ஆடு, ஸ்பீக்கர்காரனின் ஒயர், எல்லாவற்றையும் தாண்டினேன். நல்லவேளையாக நான் இன்னும் கல்யாணத் துணி உடுத்திக்கொள்ளவில்லை. மறுபடி கரண்டி.

"வாசலுக்கு வந்தாச்சு. அரைக் கிண்ணம் விடு, ஒரு கொதி வரட்டும்."

பானையருகே எக்குதோசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்டி. சரியா இருக்கு. இன்னும் ஊத்துனா அந்தம்மா துப்பிட்டுப் போயிடும். நான் சொல்றேன், நிறுத்து."

எனக்கும் அந்த நேரத்தில் சரியாக இருப்பது போல்தான் தோன்றியது. ருசி பார்த்துப் பார்த்து என் நாக்கு மரத்துப்போயிருந்தது. ஒரு பக்கம் இந்த வீட்டின் பெரிய மகள், இன்னொரு பக்கம் வேலிக்கு அப்பால் நிற்கிற ஒருத்தி. வாசலில் மேளம் கேட்டுவிட்டது. தப்பானால் எக்குதோசியின் மேல் பழி வராது, என் மேல்தான் வரும். இலை கழுவுவதை நான் சரியாக நிறுத்தினேன் என்று இந்தக் குடும்பத்தில் சொன்னவள் அசூக்கா ஒருத்திதான். கையை உதறிக்கொண்டு அரைக் கிண்ணத்தையும் ஊற்றினேன்.

"பாத்துக்க. உன் தலை" என்றாள் எக்குதோசி.

ஒரு கொதி வந்தது. ருசி பார்க்க நேரமில்லை. இறக்கிவிட்டேன்.

குளித்து, உடுத்தி, நான் முன்வாசலுக்கு வந்தபோது அனுலி எங்கள் சடங்குப்படி கள் கோப்பையை ஏந்தி, கூட்டத்துக்குள் மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள். பையன்கள் எல்லாம் "இங்கே குடு, நான்தான்" என்று கையை நீட்டிக் கலாட்டா செய்தார்கள். அவள் ஆடிக்கொண்டே எல்லோரையும் தாண்டிப் போய், சோம்டோவின் முன்னால் முட்டி போட்டுக் கோப்பையைக் கொடுத்தாள். ஊரே ஆர்ப்பரித்தது. உச்சே அழுதாள், மூக்கை உறிஞ்சினாள். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. என் கண் சோம்டோவின் அம்மாவை விட்டு நகரவில்லை.

தட்டு வந்தது. பெரிய உடம்புக்காரி, அவசரமே இல்லாத கை. வள்ளிக்கிழங்கு உருண்டையில் கொஞ்சம் கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்கினாள். நிறுத்தினாள். பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். இருவரும் குழம்பைக் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் இன்னொரு உருண்டை. இன்னொன்று. முகத்தில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. தட்டு காலியானது. கை கழுவினாள். தண்ணீர் குடித்தாள். கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், போகப்போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் எக்குதோசி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

சோம்டோவின் அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். ஸ்பீக்கர்காரனைப் பார்த்து ஒரு பார்வை. பாட்டு நின்றது.

"என் கடையில இத்தனை வருஷமா ஆக்குறேன். நான் ஆக்காத குழம்பை ஒட்ட வழிச்சுச் சாப்பிட்டது இன்னைக்குத்தான்" என்றாள். "இந்தக் கை யாரோடது?"

யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். பார்த்தால் எக்குதோசி. "போடி, நம்ம வீட்டு மருமகளே, போய்ச் சொல்லு" என்றாள். பாலத்துக்காரி என்று சொல்லவில்லை. கைதட்டலுக்கு நடுவே நான் முன்னால் போய் நின்றேன். கோப்பை என் கைக்கு வந்தது. ஒரே ஒரு வார்த்தை. எத்தனையோ ராத்திரி தலையணைக்குச் சொல்லிப் பார்த்த வார்த்தை. வாயைத் திறந்தேன். நுனி நாக்கு வரைக்கும் வந்தது.

"கரண்டி பிடிச்சது என் கைங்க" என்றேன். "ஆனா இந்தக் கசப்பு நான் குடுத்தது இல்ல. நாங்க எல்லாருமாக் கழுவிக் கழுவி இலையைக் கொன்னுட்டோம். அதுக்கு உயிர் குடுத்த கை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு."

ஒபியோராவின் முகம் கறுத்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னதற்கு வருத்தமே இல்லை. எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். நாங்கள் பறித்த பறிப்பில் அதில் ஒரு இலைகூட மிச்சமில்லை. வெறும் குச்சிகள். குச்சிகளுக்குப் பின்னால் அசூக்கா முழுசாகத் தெரிந்தாள். ஒளிந்துகொள்ள இடமில்லாமல், இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள்.

அவள் அந்தப் பழைய துணியில் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் பறவை போட்ட துணி கட்டியிருந்தாள். அதே துணியில் தலைக்கட்டு, அதே துணியில் தைத்த மேல்சட்டை. நான் என் உடம்பைப் பார்த்துக்கொண்டேன். உச்சேயைப் பார்த்தேன். இந்தக் கல்யாணத்துக்கென்று மருமகள்கள் எல்லோரும் பின்கட்டில் உட்கார்ந்து பேசி ஒன்றாக எடுத்த துணி அது. அவளுக்கு நாங்கள் கொடுக்கவில்லை. என்ன துணி என்றுகூடச் சொல்லவில்லை.

ஒபியோரா அதைப் பார்த்தார். மனுஷன் கல்லுதான், ஆனால் கண் இருக்கிறதே. தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்தார். அப்புறம் யாரையோ திட்டுவது போல, "அங்க ஏன் நிக்கிறே? சாப்பாடு ஆறுது, வா" என்றார்.

எக்குதோசி அவளை வாசல் கேட் வழியாகச் சுற்றி வரச் சொல்லவில்லை. வேலிக் குச்சிகளை இரண்டு கையாலும் வளைத்து ஒடித்து வழி செய்தாள். அசூக்கா துணி மாட்டிக்கொள்ளாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து உள்ளே வந்தாள். நான் கோப்பையை அவள் கையில் கொடுத்தேன். கிட்டத்தில் பார்த்தபோது சட்டையில் கழுத்துக்கு லேஸ் வைத்து, கைக்கு மடிப்பு வைத்து, அவ்வளவு நுணுக்கமாகத் தைத்திருந்தது. டிசம்பரில் எந்தத் தையல்காரனும் அவசரத்துக்கு அப்படித் தைத்துக் கொடுக்கமாட்டான்.

"எப்பக்கா தைக்கக் குடுத்தீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் கள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "பத்திரிகை அடிச்ச அன்னைக்கே" என்றாள்.